தட்டில் மிஞ்சிய குரோமோசோம்

திருவேற்காடு
9 ஜூன் 2025

அண்ணிக்கு,

எங்கள் வீட்டு நம்பர்கள் எல்லாவற்றையும் நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். நியாயம்தான். நானாக இருந்தால் அதற்கு முன்னால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆவடி குவார்ட்டர்ஸ் கேட் வரை வந்தேன். உங்கள் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வந்த ஷேர் ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தத் தபால். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே பதினெட்டாம் தேதி நடந்ததை நான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். அம்மா கூடத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "என் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு லேப்புலயே எழுதிக் குட்த்துட்டாங்கோ. மூணு தபா ஏன் கலைஞ்சுதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு." அந்த லேப்பில் எழுதிக் கொடுத்தவள் நான். பக்கத்திலேயே நின்றேன். அண்ணியின் ரிப்போர்ட்டும் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அண்ணனும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டில் ஒன்று தப்பு. தப்பு செய்தது நான்.

அம்பத்தூரில் எங்கள் லேப்புக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்திருக்கிறது. குரோமோசோம்களைப் படத்தில் கண்டுபிடித்து, வகை பிரித்து, ஜோடி சேர்த்து வைப்பது அதன் வேலை. முன்பும் ஒரு புரோகிராம் இருந்தது, ஆனால் அது மக்கு. புதியதைச் சோதித்துப் பார்க்க, எங்களிடம் இருந்த பழைய படங்களை எல்லாம் அதற்குக் கொடுத்தோம். எங்கெல்லாம் நாங்கள் கையால் வைத்தது சரியில்லை என்று அதற்குத் தோன்றுகிறதோ, அவற்றை ஒரு பட்டியலாகத் தந்தது. பெயர் கிடையாது, வெறும் எண்கள். பதினேழாவது வரியில் இருந்த எண்ணை எனக்குத் தெரியும். அந்த ட்யூபில் அந்த எண்ணை ஒட்டியதே என் கைதான்.

யாருடைய எண் என்று இப்போது சொல்ல எனக்கு அனுமதி இல்லை. யாருடைய ரத்தமோ அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பூந்தமல்லி வக்கீல் எழுதி அனுப்பியிருக்கும் பிரிவுக் காகிதத்தில் முப்பதாம் தேதி கையெழுத்துப் போடாதீர்கள். என்மேல் கோபம் இருந்தாலும் இதை மட்டும் கேளுங்கள்.

கஸ்தூரி


ஆவடி
14 ஜூன் 2025

கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை போஸ்ட்மேன் அப்பாவிடம் கொடுத்தார். "இன்னாம்மா, கோர்ட்டு சமாச்சாரமா?" என்று கேட்டார் அப்பா. நாத்தனார் எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்ப அத்த விடப் பெருசு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

யாருடையது என்று சொல்ல அனுமதி இல்லையா? இருந்தது இரண்டு ரத்தம். என்னுடையதில் குறை என்றால் நீ மெனக்கெட்டுத் தபால் எழுதியிருக்க வேண்டாம். உன் அம்மாவே மேளம் வைத்துச் சொல்லியிருப்பார். மிச்சம் இருப்பது ஒன்று. எனக்கு எண்ணத் தெரியும் கஸ்தூரி, பார்சல் கிடங்கில் வேலை செய்கிறவள்.

இதைப் படித்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று முறை எனக்குப் போனபோதும் நான் தேடாத காரணம் இல்லை. பஸ்ஸில் போனேன், அதனாலா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன், அதனாலா? உன் அம்மா சொன்ன கஷாயம் குடித்தேன். சொன்ன கோயிலை எல்லாம் சுற்றினேன். வேலையை விடச் சொன்னபோது மட்டும்தான் மாட்டேன் என்றேன். அந்த ஒரு மாட்டேனுக்குத்தான் இப்படி ஆனதோ என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

நீ செய்த தப்பு என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. எங்கள் நசரத்பேட்டை கிடங்கில் ஸ்கேனர் படிக்காத பெட்டி தனி வரிசைக்குப் போகும். அதை ஒருத்தன் எடுத்துத் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஓர் ஊர் வண்டியில் தள்ளினால் அன்றைக்கே அவனுக்கு வேலை போய்விடும். வெறும் மிக்ஸியும் செருப்பும் வருகிற பெட்டிக்கே இவ்வளவு கெடுபிடி. உங்கள் லேப்பில் என்ன நடக்கிறது?

கையெழுத்து இன்னும் போடவில்லை. உன் அடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். போன் வேண்டாம். போனில் பேசினால் அழுதுவிடுவேன். எழுத்தில் என்றால் நிதானமாகத் திட்டலாம்.

ஷர்மிளா


திருவேற்காடு
18 ஜூன் 2025

அண்ணிக்கு,

நீங்கள் எண்ணியது சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ரத்தத்தை இளஞ்சிவப்பான ஒரு திரவத்தில் கலந்து உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைப்போம். உள்ளே செல்கள் வளரும். ஒரு செல் இரண்டாகப் பிரியப்போகிற அந்தக் கட்டத்தில் மருந்து ஊற்றி நிறுத்திவிடுவோம். பிறகு கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, ஒரு முழம் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விடுவோம். விழுகிற வேகத்தில் செல் உடைந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்ததெல்லாம் விரிந்து கிடக்கும். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் விரியாது, ஈரம் ஏறினால் சிதறிவிடும். மழை வருமா வராதா என்று எங்களைப் போல வானத்தைப் பார்க்கிறவர்கள் விவசாயிகள் மட்டும்தான்.

சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நாற்பத்தாறு துண்டு. புழு மாதிரி, ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். நம்முடைய உயரம், நிறம், மூக்கு, ரத்தம் எல்லாம் இதில்தான் எழுதியிருக்கிறது. எட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். இன்றைக்கும் ஒரு நல்ல செல் கண்ணில் பட்டால் ஒரு வினாடி எனக்கு மூச்சு நிற்கிறது. கும்பிடலாம் போலிருக்கும். சபீனா என் பக்கத்து நாற்காலி. அவள் ஒருநாள் பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ், இவ்ளோ அழகா கீது" என்றாள். அந்த செல் எந்த அம்மாளுடையது என்று எங்களுக்குத் தெரியாது, வெறும் எண்தான். ஆனாலும் இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

கம்ப்யூட்டர் இந்தப் படத்தை வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, வளைந்ததை நிமிர்த்தி, தலைகீழாக இருப்பதைத் திருப்பி, ஒன்றாம் ஜோடியிலிருந்து வரிசையாகக் கட்டங்களில் வைக்கும். நாலைந்து வினாடி. எதற்கு இடம் தெரியவில்லையோ அதைத் திரைக்குக் கீழே ஒரு தட்டில் போட்டுவிடும். அதை நாங்கள் எடுத்துச் சரியான கட்டத்தில் வைக்க வேண்டும். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தட்டு காலியாகாமல் சாப்பிட எழ மாட்டோம். மிச்சம் வைத்தால் கை பழகாதவள் என்று பேச்சு வரும். என் தட்டு எப்போதும் காலி. அதில் எனக்குப் பெருமை.

அந்த எண்ணுக்கு நான் இருபது செல் பார்த்தேன். பதினான்கில் பழைய புரோகிராமே பத்தாவது குரோமோசோம் ஒன்றைத் தட்டில் போட்டிருந்தது. மக்கு என்று நான் சொன்ன அதே புரோகிராம். வாலில் பட்டை சரியில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. சாயம் சரியாக ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு பதினான்கு தடவையும் நான் அதை எடுத்துப் பத்தாம் கட்டத்தில் வைத்தேன். பதினான்கு தடவை அண்ணி. எங்கள் பெரியவர் பார்த்தசாரதி சார் ரிப்போர்ட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உண்மையில் அங்கே நடந்திருப்பது இதுதான். நாலாவதன் வால்நுனியும் பத்தாவதன் வால்நுனியும் இடம் மாறியிருக்கின்றன. எதுவும் தொலையவில்லை, எதுவும் கூடவில்லை. அதனால் அந்த ஆளுக்கு ஒரு வியாதியும் கிடையாது. ஆனால் குழந்தைக்குப் பாதி கொடுக்கும்போது கணக்கு பிசகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். சொந்தக்காரர் ரத்தத்தை நாங்கள் பார்க்கக் கூடாது. நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். உங்களுடையதில் இருபதோடு நான் நிறுத்தவில்லை. ஐம்பது செல் பார்த்தேன். தட்டில் விழுந்த ஒவ்வொன்றையும் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணி, நான் தேடினேன்.

சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் நான் எந்த ரிப்போர்ட்டையும் தொடக் கூடாது. அந்த எண்ணுக்கு உரியவரிடமும் சொன்னேன். "இது வெளில தெரிய வாணாம், கஸ்தூரி" என்றார். ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை.

கஸ்தூரி


ஆவடி
25 ஜூன் 2025

கஸ்தூரிக்கு,

ஐம்பது.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் அந்த எண்தான் ஓடியது. அவருக்கு இருபது, எனக்கு ஐம்பது. உன் அம்மா வாயால் சொன்னார், நீ மைக்ரோஸ்கோப்பால் சொன்னாய். உன்னை நான் தோழி என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அந்த வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்ததென்றால் அது உன்னால்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

ஆனால் ஒன்று. நீ அதை எழுதியிருக்க வேண்டாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினாய். அதற்காகத்தான் நான் இப்போது எழுதப்போவதை எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வாரம்.

உங்கள் வீட்டை விட்டு வந்தபோது எனக்கே தெரியாது. தெரிந்தபிறகு யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். முன்பு மூன்றுமே ஒன்பதாவது வாரத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை ஒன்பதாவது வாரம் முழுக்க நான் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டேன். திங்கட்கிழமை ஸ்கேனில் துடிப்பைக் காட்டினார்கள். திரையில் ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபோது நீ எழுதிய மூச்சு நிற்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

இதை உன் அண்ணனிடம் நீ சொல்லக் கூடாது. பிள்ளைக்காக அவர் வரக் கூடாது. தன்னுடைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, தானாக, எனக்காக வந்தால் வரட்டும்.

நீ எனக்கு ஒன்று சொல். இந்தக் குழந்தைக்கு என்ன ஆகும்? டாக்டரிடம் கேட்பேன். ஆனால் முதலில் உன்னிடம் கேட்கிறேன். ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்.

ஷர்மிளா


திருவேற்காடு
29 ஜூன் 2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேப் மொட்டை மாடியில் நின்று படித்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். குழந்தைக்கு அப்பாவிடமிருந்து ஒரு நாலாவதும் ஒரு பத்தாவதும் வரும். இரண்டும் மாறாததாக வந்தால் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டுமே மாறியதாக வந்தால், அப்பாவைப் போலவே, எல்லாம் முழுசாக இருக்கும். ஒன்று மாறியதும் ஒன்று மாறாததுமாக வந்தால்தான் ஒரு துண்டு கூடும், ஒரு துண்டு குறையும். அப்படி வந்தவை பெரும்பாலும் தங்குவதில்லை. தங்கிப் பிறந்தாலும் குழந்தைக்குக் கஷ்டம். ஒன்பது வாரத்தைத் தாண்டியது நல்ல அடையாளம், ஆனால் உத்தரவாதம் இல்லை. பதினாறு வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாகத் தெரியும். டாக்டரும் இதைத்தான் சொல்வார். உங்களுக்குப் போன மூன்றுக்கும் பஸ்ஸும் குடமும் காரணமில்லை அண்ணி. இதை மட்டும் நான் சத்தியம் செய்து சொல்வேன்.

இன்னொரு செய்தி. சாரிடம் தப்பைச் சொன்ன மறுநாளே என் ரத்தத்தையும் கொடுத்தேன். சபீனாதான் பார்த்தாள், நான் பின்னால் நின்றேன். திரையில் புது புரோகிராம் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தது. நாலு வந்தபோது ஒன்றுதான் கட்டத்தில் இருந்தது. பத்திலும் ஒன்றுதான். மற்ற இரண்டும் தட்டில் கிடந்தன. சபீனா திரும்பி என்னைப் பார்த்தாள். எட்டு வருஷமாக ஊரார் உடம்பில் எல்லாம் பார்த்ததை என் உடம்பிலும் பார்த்தேன். பயம்தான் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு ஏதோ. என் ஒவ்வொரு அணுவிலும், என் நகத்தில், கண்ணில், இந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் விரலில், அந்த இரண்டு நுனிகளும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு, இருபத்தொன்பது வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கின்றன. நான் ஓடினேன், படித்தேன், சிரித்தேன். எனக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அண்ணன் சட்டை அயர்ன் செய்துகொண்டிருந்தான். "இது ஒன்னோடது இல்ல, என்னோடது" என்று நீட்டினேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "உனக்குமா?" என்றான். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் மனதைத் திறந்தான். ஆம்பளை இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்தானாம். மெஷின் ஷாப்பில் ஐம்பது பேரை வேலை வாங்குகிறவன், இதற்குப் பயந்திருக்கிறான். எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, தலையைத் தடவலாம் போலவும் இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் அவனே சொன்னான். எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதலாம், அதற்கும் தன் சம்மதம் உண்டு என்று என்னிடமும் சொன்னான். அம்மா முதலில் என்மேல்தான் பாய்ந்தாள். "இன்னாடி சொல்றே? ஒரு கொறையும் இல்லன்னு நீதானேடி சொன்னே?" நான்தான் சொன்னேன், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். அம்மா சாப்பாட்டில் கையை வைத்தபடியே இருந்தாள். "எனக்கும் இவனுக்கு மின்ன ரெண்டு நிக்கல" என்றாள். முப்பத்து மூன்று வருஷமாக எங்கள் யாருக்கும் தெரியாது. "உங்கப்பா ஊட்டுல என்னைய இன்னா பேச்சு பேசுனாங்க தெர்யுமா" என்றாள். அதையே உங்களிடம் பேசியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

அண்ணன் வக்கீலுக்குப் போன் செய்து காகிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். திருத்திய ரிப்போர்ட் அவன் பெயரில் வந்துவிட்டது.

கஸ்தூரி


ஆவடி
20 ஜூலை 2025

கஸ்தூரிக்கு,

உன் அண்ணன் வந்தார். போன ஞாயிறு, காலை பத்து மணி. கையில் பழமோ பூவோ இல்லை, ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ரிப்போர்ட். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஷர்மிளா, இது என்கிட்டதான். எப்பவும் என்கிட்டதான் இருந்துது" என்றார். அவர் பார்வை கீழே வரும்வரை நான் காத்திருந்தேன். என் வயிற்றைப் பார்த்தார். பதிமூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனாலும் மூன்று முறை கூடவே இருந்து பார்த்தவர் அல்லவா. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவரை மன்னித்துவிடவில்லை. மே பதினெட்டாம் தேதி அவர் தரையைப் பார்த்தது எனக்கு மறக்காது. ஆனால் அவர் குழந்தைக்காக வரவில்லை. அது எனக்குப் போதும், இப்போதைக்கு.

அப்பாதான் சூழ்நிலையை மாற்றினார். டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷமாக ஃபிட்டராக இருக்கிறவர். ரிப்போர்ட்டில் இருந்த படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். "நாப்பத்தாறு பார்ட்டும் இருக்குதா மாப்ள?" "இருக்கு மாமா. ரெண்டு நுனி மட்டும் மாறிக் கீது." "அட, அதுனால இன்னா. வண்டிதான் ஓடிக்கினு இருக்கே" என்றார். அப்பா வெளியூர்க்காரர் என்றாலும் நான் பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறார், அவர் பேச்சு எல்லாம் உங்கள் ஊர்ப் பேச்சுதான். பிறகு அந்தப் படத்தை அவர் கீழே வைக்கவேயில்லை. "இத்தினியூண்டு ஆளு உள்ள ஆண்டவன் இவ்ளோ வேல வச்சிக்கிறானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி நீர் எடுக்கிறார்கள். உங்கள் லேப்புக்குத்தான் வரும். டாக்டர் வேறு லேப் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உன் சாரிடம் சொல், தட்டில் விழுவதை யாரும் தொடக் கூடாது.

பயமாக இருக்கிறது கஸ்தூரி. துண்டு ஒன்று குறைந்துபோயிருந்தால் நான் என்ன முடிவு செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த வாரம் முதல் தடவையாக உள்ளே ஏதோ மீன் திரும்பின மாதிரி இருந்தது. கேஸ் என்றாள் அம்மா. நான் நம்பவில்லை.

ஷர்மிளா


திருவேற்காடு
28 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

நேற்று டாக்டர் உங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார் என்று அண்ணன் சொன்னான். அதற்காகத்தான் காத்திருந்தேன். இந்த முறை உரியவர்களுக்குப் பிறகுதான் என் முறை.

உங்கள் பனிக்குட நீர் பாட்டில் லேப்புக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. அதைத் தொட எனக்கு உரிமையில்லை. ஆனால் செல் வளர்க்கிற இன்குபேட்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தினமும் பார்த்தேன். முதல் ஐந்து நாள் ஒன்றுமே தெரியவில்லை. ஆறாம் நாள் சபீனா உள்ளே பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். செல்கள் பாட்டிலில் ஒட்டிக்கொண்டுவிட்டன, பரவ ஆரம்பித்துவிட்டன என்றாள். இன்னும் பிறக்காத ஒருவர், ஆவடியில் உங்கள் வயிற்றில் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டு, அம்பத்தூரில் ஒரு பாட்டிலிலும் வளர்ந்துகொண்டிருந்தார். இதை யாரிடம் போய்ச் சொல்வது அண்ணி? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொல்லிவிடலாம் போலிருந்தது.

ஸ்லைடு போட்ட அன்று காலையில் தூறல். ஒருவேளை சிதறிவிடுமோ என்று பயந்தேன். விரிந்தது, பூ மாதிரி.

இப்போது எங்கள் லேப்பில் புது விதி. தட்டில் விழுந்ததை ஒருத்தர் தொடக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதிக் கொடுத்தபிறகு சார் முடிவு செய்வார். சபீனா பார்த்தாள், சார் பார்த்தார். எல்லாம் எழுதிக் கையெழுத்தும் ஆனபிறகு சார் என்னைக் கூப்பிட்டார். திரையின் வலது மூலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "வாம்மா, பாரு" என்றார். கடைசிக் கட்டத்தில்தான் ஆணா பெண்ணா என்று இருக்கும். வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நான் அன்று வீட்டார்.

நாலில் ஒன்று, பத்தில் ஒன்று. மற்ற இரண்டும் தட்டில். எங்களுடையதைப் போலவே, அதே பட்டையில், அதே இடத்தில். ஒரு துண்டு கூடுதலும் இல்லை, ஒரு துண்டு குறைவும் இல்லை. இருபது செல்லிலும்.

அம்மாவும் ரத்தம் கொடுத்திருந்தாள், தானாகவே வந்து. அவளுக்கு எதுவும் இல்லை. ஆக இது அப்பாவிடமிருந்து வந்தது. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அவர் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது என்று நான் பயப்படுவதுண்டு. அவரிடமிருந்து இது அண்ணனிடமும் என்னிடமும் வந்து, ஒரு எழுத்து பிசகாமல் இப்போது உங்கள் குழந்தையிடம் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை நான் பார்த்தேன் அண்ணி, என் கண்ணால். சார் கையை எடுக்காமலே இன்னொரு கையால் எனக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

அம்மாவிடம் அவள் ரிப்போர்ட்டைச் சொன்னேன். "அப்ப எம்மேல தப்பு இல்லியா?" என்று கேட்டாள். முப்பத்து மூன்று வருஷம் கழித்து. நான் இல்லம்மா என்றேன். "அவளாண்ட போயி சொல்லணும்" என்றாள். வரலாமா என்று கேட்கச் சொன்னாள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் புரிந்துகொள்வேன், அவளும் புரிந்துகொள்வாள்.

கஸ்தூரி


ஆவடி
2 செப்டம்பர் 2025

கஸ்தூரிக்கு,

அம்மாவை அடுத்த வாரம் அழைத்துவா. நான் என்ன பேசுவேன் என்று இப்போது சொல்ல முடியாது. திட்டினாலும் திட்டுவேன். சொல்லிவை.

டாக்டர் சொன்ன அன்று உன் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர்கள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்துநான்கு சின்னக் கோடுகள், மறைத்துவிட்ட கடைசிக் கட்டம் மட்டும் வெள்ளையாக. அதற்கு முகம் இல்லை, பெயர் இல்லை. இன்னும் ஒருவரும் அதைக் குறை சொல்லவில்லை. ஒருவேளை உலகத்தில் அப்படி இருப்பது இந்தச் சில மாதம்தானோ என்று தோன்றியது.

பெரியவள் ஆனபிறகோ பெரியவன் ஆனபிறகோ இதற்கும் ஒருநாள் தெரிய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டுமாம். நான் சொன்னால் பயந்துவிடுவேன். உன் அண்ணன் தரையைப் பார்ப்பார். அதனால் நீ சொல்லப்போகிறாய். உன் படத்தையும் பக்கத்தில் வைத்து, இதோ நானும் இப்படித்தான், ஓடினேன், படித்தேன், சிரித்தேன் என்று சொல். நீ எனக்கு எழுதியதை அப்படியே சொன்னால் போதும்.

ஐம்பதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தன் தப்பை எண்ணிக்கையோடு எழுதி அனுப்பியவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். என் குழந்தையிடம் பொய் சொல்லாத ஆள் ஒருவர் வேண்டும்.

தொட்டில் போடுகிற அன்று காதில் பெயர் சொல்வது அத்தை. ஜனவரிக் கடைசிக்கு லீவு சொல்லிவை. மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும், தொண்டை கட்டிக்கொண்டு வந்து நிற்காதே.

ஷர்மிளா